பழைய வீட்டு வண்டி வாங்கலாமா?

அழகைப் பார்த்து மயங்காதீர்கள். ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள்!
குழந்தை குட்டிக்காரர்களுக்குச் சின்ன வண்டியே சிறந்தது

சந்தையில் மாடு வாங்குகிறவன் என்ன செய்கிறான்?

பல்லைப் பிடித்துப் பார்க்கிறான். சுழியைப் பார்க்கிறான். நாலடி நடக்கவிட்டுப் பார்க்கிறான். கொம்புக்குப் பூசிய வர்ணத்தைப் பார்த்து அவன் பணத்தை எண்ணிக் கொடுப்பதில்லை.

ஆனால் அமெரிக்காவில் படித்தவர்கள், கைநிறையச் சம்பாதிக்கிறவர்கள், மாட்டை விடப் பன்மடங்கு விலையுள்ள ஒரு பொருளை வர்ணத்தைப் பார்த்தே வாங்கிவிடுகிறார்கள். பிறகு தலையில் கை வைத்துக்கொள்கிறார்கள்.

அந்தப் பொருள்தான் வீட்டு வண்டி. அமெரிக்கர்கள் அதை "கேம்பர்" என்கிறார்கள்.

வண்டிக்குள்ளே படுக்கை உண்டு. அடுப்பு உண்டு. தண்ணீர்த் தொட்டி உண்டு. பெரிய வண்டியாக இருந்தால் குளியல் அறையும் உண்டு. விடுமுறை வந்தால் பெண்டாட்டி பிள்ளைகளுடன் காட்டுக்கும் ஏரிக்கரைக்கும் போய், நாலு நாள் தங்கிவிட்டுத் திரும்பலாம். ஓட்டல் வாடகை இல்லை. சாப்பாட்டுச் செலவும் குறைவு.

நல்ல காரியம்தானே? சந்தேகம் இல்லை. ஆனால் எந்த வண்டியை வாங்குவது என்பதில்தான் சிறு குடும்பங்கள் சறுக்கி விழுகின்றன.

நூறு ஆண்டு ஆசை

வீட்டையே வண்டியில் கொண்டுபோகும் ஆசை அமெரிக்கர்களுக்குப் புதிதல்ல. 1910-ம் ஆண்டிலேயே பியர்ஸ்-ஆரோ கம்பெனி, படுக்கையாக மாறும் இருக்கையும் கை கழுவும் தொட்டியும் உள்ள மோட்டார் காரைக் காட்சிக்கு வைத்தது. 1930-களில் வாலி பயம் என்பவர் பளபளக்கும் அலுமினிய வண்டிகளைச் செய்தார். "ஏர்ஸ்டிரீம்" என்ற அந்த வண்டி இன்றும் ஓடுகிறது. 1966-ல் அயோவா மாநிலத்து வின்னபேகோ கம்பெனி மோட்டார் வீடுகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து தள்ளத் தொடங்கியது. இப்போது இண்டியானா மாநிலத்து எல்க்கார்ட் வட்டாரம்தான் இந்தத் தொழிலின் தலைநகரம்.

2020-ல் கொரோனா வந்தது. விமானத்தில் ஏற ஜனங்கள் பயந்தார்கள். ஓட்டலில் தங்கப் பயந்தார்கள். வீட்டு வண்டிக்கு அடித்தது யோகம்! 2021-ம் ஆண்டில் மட்டும் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் தொழிற்சாலைகளிலிருந்து வெளியே வந்தன. 2023-ல் அது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிட்டது.

அவசரத்தில் வாங்கியவர்களில் பலர் இரண்டு மூன்று தடவை போய்வந்ததோடு சரி. பிறகு வண்டி வாசலில் நின்றது. மழையில் நனைந்தது. வெயிலில் காய்ந்தது. "விற்பனைக்கு" என்ற அட்டை தொங்கியது.

ஆகவே பழைய வண்டிகளுக்குப் பஞ்சம் இல்லை. பொறுமையுள்ளவன் தேடி எடுக்கலாம். பொறுமை இல்லாதவன் அடுத்தவன் தலைவலியை விலை கொடுத்து வாங்கிக்கொள்வான்.

எது வேண்டும்?

பழைய வண்டிகளில் முக்கியமாக மூன்று ரகம் உண்டு.

முதலாவது, மடக்குக் கூடார வண்டி. அடியில் பெட்டி, மேலே துணிக் கூடாரம். ஓடும்போது மடங்கிக் கிடக்கும். நிறுத்தியபின் விரித்துக்கொள்ளலாம். எடை குறைவு. விலையும் குறைவு. சில ஆயிரம் டாலருக்கே கிடைக்கும்.

இரண்டாவது, காருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் டிரெய்லர். சுவரும் கூரையும் கெட்டியானவை. சிறிதும் உண்டு, லாரி நீளத்துக்குப் பெரிதும் உண்டு.

மூன்றாவது, தானே ஓடும் மோட்டார் வீடு. எஞ்சினும் வீடும் ஒன்றாக இருப்பது.

இளம் தம்பதிகளின் கண் எப்போதும் மூன்றாவதின் மேல்தான் போகிறது. "பழசுதானே, மலிவாகக் கொடுக்கிறான்" என்று நினைக்கிறார்கள்.

இங்கேதான் ஆபத்து இருக்கிறது. மோட்டார் வீடு வாங்குவது ஒரு பழைய லாரியையும் ஒரு பழைய வீட்டையும் சேர்த்து வாங்குவதற்குச் சமம். எஞ்சின் கெட்டால் வீடும் பட்டறையில் நிற்கும். கூரை ஒழுகினால் எஞ்சினும் சும்மா நிற்கும். இன்ஷுரன்ஸ், டயர், பெட்ரோல் எல்லாம் தனி. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்!

டிரெய்லரோ அப்படி அல்ல. அதற்கு எஞ்சின் இல்லை. காரைக் கழற்றிக்கொண்டு கடைக்குப் போகலாம். கார் கெட்டால் வேறு காரில் கட்டி இழுக்கலாம்.

குழந்தை எங்கே உட்காரும்?

பணத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. குழந்தையின் உயிர்.

பழைய மோட்டார் வீட்டில் மேஜையைச் சுற்றிச் சோபாப் போல இருக்கைகள் இருக்கும். குழந்தைகள் அங்கே உட்கார்ந்து படம் வரைந்துகொண்டு வரலாம் என்று பெற்றோர் ஆசைப்படுகிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் பல பழைய வண்டிகளில் அந்த இருக்கைகளுக்கு இடுப்பு வார் மட்டுமே உண்டு. தோள் வார் இல்லை. சிலவற்றில் வாரே இல்லை. சில இருக்கைகள் பக்கவாட்டில் திரும்பியிருக்கும்.

பக்கவாட்டு இருக்கையில் குழந்தை நாற்காலியைக் கட்டக் கூடாது. சற்றுப் பெரிய பிள்ளைகளை உயர்த்தி உட்காரவைக்கும் மெத்தை நாற்காலிக்கு இடுப்பு வாரோடு தோள் வாரும் கட்டாயம் வேண்டும். மேஜையோ பலகைகளை ஆணி அடித்துச் சேர்த்தது. திடீரென்று பிரேக் போட்டால் அதுவே பறந்து வரும்.

டிரெய்லர் வாங்கினால் இந்தக் கவலை இல்லை. குழந்தைகள் காரிலேயே, தங்கள் நாற்காலியிலேயே, வார் போட்டு உட்காருவார்கள். ஆனால் ஓடும் டிரெய்லருக்குள் யாரையும் உட்காரவிடக் கூடாது. பல மாநிலங்களில் சட்டமே தடுக்கிறது. சட்டம் தடுக்காத இடத்திலும் அறிவு தடுக்க வேண்டும்.

சிறு பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்குப் பழைய மோட்டார் வீடு வேண்டாம், சின்ன டிரெய்லரே போதும் என்று சொல்ல இந்த ஒரு காரணம் போதாதா?

காரைக் கேட்டுவிட்டு வாங்கு

சரி, டிரெய்லர்தான் என்று முடிவாயிற்று. அடுத்த கேள்வி: அதை எது இழுப்பது?

பலர் முதலில் வண்டியை வாங்குகிறார்கள். பிறகு கார் இழுக்கவில்லை என்று புதிய காரும் வாங்குகிறார்கள். யானையை வாங்கிவிட்டு, அதைக் கட்டுவதற்காகப் பெரிய வீடு கட்டுவது போல!

முதலில் காரைப் பார்க்க வேண்டும். கார்ப் புத்தகத்தில் எத்தனை கிலோ இழுக்கலாம் என்று போட்டிருக்கும். அது மட்டும் போதாது. ஓட்டுநர் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஓர் அட்டை ஒட்டியிருக்கும். காரில் ஏறும் ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை எடைக்கு மேல் போகக் கூடாது என்று அதில் இருக்கும்.

டிரெய்லரின் எடையில் ஒரு பகுதி காரின் பின்பக்கத்தை அழுத்தும். 100-க்கு 10 முதல் 15 பங்கு அப்படி அழுத்த வேண்டும். குறைந்தால் டிரெய்லர் பாம்புபோல் ஆடும். கார் புரண்டுவிடவும் கூடும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கார் தாங்கும் எடை 550 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கணவன் மனைவி 150 கிலோ. இரண்டு குழந்தைகளும் அவர்கள் நாற்காலிகளும் 60 கிலோ. சாமான் 80 கிலோ. ஆக 290 கிலோ.

டிரெய்லர் 1,500 கிலோ என்றால், 100-க்கு 12 பங்கு வீதம் அழுத்தும் எடை 180 கிலோ. மொத்தம் 470. கார் தாங்கும். டிரெய்லர் 2,500 கிலோ என்றால் அழுத்தும் எடை 300 கிலோ. மொத்தம் 590. கார் தாங்காது!

"எங்கள் கார் 2,500 கிலோ இழுக்கும் என்று விற்றவன் சொன்னானே" என்றால், அவன் பொய் சொல்லியிருக்க மாட்டான். பாதி உண்மையைச் சொல்லியிருப்பான்.

இன்னொரு தந்திரமும் உண்டு. விளம்பரத்தில் போடுவது வெறும் வண்டியின் எடை. தண்ணீர், காஸ், பாத்திரம், படுக்கை, சைக்கிள் எதுவும் அதில் சேராது. தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ. 150 லிட்டர் தொட்டி நிரம்பினால் 150 கிலோ ஏறிவிடும். ஆகவே டிரெய்லரின் வெளிப்பக்கத்தில் ஒட்டியுள்ள அட்டையில் "மொத்த எடை" என்ன என்று பார்த்து, அதை வைத்தே கணக்குப் போட வேண்டும்.

பிரேக்கையும் மறக்கக் கூடாது. பல மாநிலங்களில் 3,000 பவுண்டுக்கு, அதாவது சுமார் 1,360 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குத் தனிப் பிரேக் கட்டாயம்.

முதல் எதிரி தண்ணீர்

பழைய வீட்டு வண்டியைக் கொல்வது எது? வயதா? ஓடிய தூரமா? இரண்டும் அல்ல. மழைத் தண்ணீர்தான்.

பெரும்பாலான டிரெய்லர்களின் சுவருக்குள் மரச் சட்டம் இருக்கிறது. கூரையும் சுவரும் சேரும் இடத்தில் பசை பூசி அடைத்திருப்பார்கள். வெயிலில் பசை வெடிக்கும். வெடிப்பில் மழை இறங்கும். வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே மரம் உளுத்துக்கொண்டே போகும். பூஞ்சை பிடிக்கும். அந்தக் காற்றைத்தான் குழந்தைகள் இரவெல்லாம் மூச்சிழுக்க வேண்டும்.

ஆகவே வண்டியைப் பார்க்கப் போகிறவர் முதலில் மூக்கைப் பயன்படுத்த வேண்டும். கதவைத் திறந்ததும் பாசி நாற்றம் அடிக்கிறதா? திரும்பி வந்துவிடலாம். வாசனைத் தைலம் கமகமக்கிறதா? அப்போதும் சந்தேகப்பட வேண்டும். எதை மறைக்க அந்த வாசனை?

அடுத்தது கால். தரை முழுவதும் அழுத்தி நடந்து பார்க்க வேண்டும். கதவருகிலும் குளியல் அறை அருகிலும் தரை மெத்தைபோல் அமுங்கினால் பலகை அழுகிவிட்டது என்று பொருள்.

பிறகு கை. சுவரின் மூலைகள், ஜன்னல் ஓரங்கள், கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குள்ளே எல்லாம் தடவிப் பார்க்க வேண்டும். வெளிச்சுவர் உப்பியிருந்தால் உள்ளே நீர் புகுந்திருக்கிறது. ஈரம் காட்டும் சிறிய கருவி கடையில் கிடைக்கிறது. அதற்குச் செலவழிக்கும் சில டாலர், ஆயிரக்கணக்கான டாலரைக் காப்பாற்றும்.

ஏணி போட்டுக் கூரையையும் பார்க்க வேண்டும். "அங்கே ஒன்றும் இல்லை, ஏறாதீர்கள்" என்று விற்பவர் தடுத்தால் அவசியம் பார்க்க வேண்டும்.

பழைய வண்டிக்கு உள்ளே வெள்ளைப் பெயிண்ட் அடித்து, பூத்திரை கட்டி, படம் எடுத்து விற்பது இப்போது நாகரிகம் ஆகிவிட்டது. சீராகப் பழுது பார்த்து விற்கிறவர்களும் உண்டு. ஆனால் உளுத்த சுவருக்குப் பெயிண்ட் அடித்து விற்கிறவர்களும் உண்டு. பெயிண்டுக்கு முன் எடுத்த படம் எங்கே என்று கேட்டால் யார் எந்த ரகம் என்று தெரிந்துவிடும்.

இந்தத் தொல்லை குறைந்த வண்டி ஒன்று உண்டு. முட்டை வடிவத்தில் இருக்கும். கண்ணாடி நார் கொண்டு இரண்டே ஓடுகளாக வார்த்து ஒட்டியது. கானடாவில் வின்னிபெக் நகரில் 1968-ல் பிறந்த "போலர்", பிறகு அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தில் வந்த "ஸ்கேம்ப்" ஆகியவை அந்த ரகம். கூரையில் மூட்டு இல்லாததால் ஒழுகும் இடம் குறைவு. எடையும் குறைவு. ஆனால் எல்லாருக்கும் அதன் அருமை தெரிந்துவிட்டதால் பழசுக்கும் நல்ல விலை கேட்கிறார்கள். விற்கும்போதும் அதே நல்ல விலை கிடைக்கும் என்பது ஆறுதல்.

இன்னும் என்ன பார்க்க வேண்டும்?

டயர். பட்டன் தேயாமல் புதிதுபோல் இருக்கும். நம்பக் கூடாது. நின்றுகொண்டே இருந்த வண்டியின் டயர் வெயிலில் செத்துவிடும். டயரின் ஓரத்தில் எண்கள் இருக்கும். கடைசி நான்கு எண்கள்தான் அதன் ஜாதகம். "2319" என்றால் 2019-ம் ஆண்டு 23-வது வாரம் செய்தது. ஐந்தாறு வயதுக்கு மேல் ஆன டயர் என்றால் புதிய டயருக்கான பணத்தை விலையில் கழித்துக்கொள்ள வேண்டும்.

பனிப்பெட்டி. காஸிலும் மின்சாரத்திலும் ஓடுகிற பழைய ரகம் குளிர்வதற்குப் பல மணி நேரம் ஆகும். ஆகவே முதல் நாளே ஓடவிடச் சொல்லிவிட்டு, மறுநாள் போய்க் கையை வைத்துப் பார்க்க வேண்டும்.

தண்ணீர்க் குழாய். தொட்டியில் தண்ணீர் ஊற்றிப் பம்பை ஓடவிட வேண்டும். எல்லாக் குழாயையும் மூடிய பிறகும் பம்பு விட்டு விட்டு ஓடினால் எங்கோ ஒழுகுகிறது. வட மாநிலங்களில் குளிர்காலத்தில் குழாயில் நின்ற நீர் உறைந்து குழாயையே வெடிக்கவைத்துவிடும்.

காஸ். வீட்டு வண்டியில் எரிக்கும் புரோபேன் காஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தங்கும். குழந்தைகள் தவழ்வதும் தரையில்தானே! காஸ் கசிவைச் சொல்லும் மணி, கார்பன் மோனாக்சைடு என்ற விஷப் புகையைச் சொல்லும் மணி, இரண்டுக்கும் ஆயுள் உண்டு. பின்னால் தேதி போட்டிருக்கும். தேதி தாண்டியிருந்தால் விற்பவர் என்ன சொன்னாலும் புதிது மாட்ட வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குளிருக்காகச் சமையல் அடுப்பை ஏற்றி வைத்துத் தூங்குவது சாவை விருந்துக்கு அழைப்பதாகும்.

படுக்கை. "8 பேர் படுக்கலாம்" என்பார்கள். கணவன் மனைவி இருவரும் செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்துப் பார்க்க வேண்டும். விற்பவர் சிரித்தால் சிரிக்கட்டும். மழை நாளில் குழந்தைகளுடன் அதற்குள் அடைந்து கிடக்கப் போவது அவர் அல்ல.

வண்டியின் பூர்வீகம்

2005-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் காத்ரீனா புயல் அமெரிக்காவின் தென்கரையை அழித்தது. வீடு இழந்தவர்களுக்காக அரசாங்கம் லட்சத்துக்கும் மேற்பட்ட டிரெய்லர்களையும் நகரும் வீடுகளையும் வாங்கிக் கொடுத்தது. அவற்றில் குடியிருந்தவர்களுக்குக் கண் எரிந்தது, மூச்சுத் திணறியது. 2008-ல் அரசாங்க நிபுணர்கள் சோதித்தார்கள். பலகைகளிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்ற வாயு அளவுக்கு மேல் வருவது தெரிந்தது.

பிறகு அந்த வண்டிகள் ஏலத்தில் போயின. "குடியிருக்கக் கூடாது" என்று அட்டை ஒட்டித்தான் விற்றார்கள். அட்டை இல்லாமல் அவை கைமாறியதாக 2010-ல் செய்திகள் வந்தன.

இதிலிருந்து என்ன தெரிகிறது? மலிவு வண்டிக்கும் ஒரு கதை உண்டு. அது எங்கிருந்து வந்தது, எத்தனை கை மாறியது, வெள்ளத்தில் மூழ்கியதா என்று கேட்க வேண்டும். சொந்தக்காரர் பத்திரத்தில் உள்ள பெயரும் விற்பவர் பெயரும் ஒன்றா, பாக்கிக் கடன் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வண்டியின் 17 எழுத்து எண்ணைக் கொடுத்தால், கம்பெனி திரும்ப அழைத்துச் சரி செய்யவேண்டிய குறை ஏதும் உண்டா என்று மத்திய சாலைப் பாதுகாப்பு இலாகாவில் காசில்லாமல் தெரிந்துகொள்ளலாம்.

கடன் வேண்டாம்

"மாதம் கொஞ்சம்தான் கட்டவேண்டும்" என்று ஆசை காட்டி, 10 ஆண்டு, 15 ஆண்டு, 20 ஆண்டுத் தவணைக்குக் கூட வண்டி விற்கிறார்கள். தொட்டிலில் இருக்கும் குழந்தை கல்லூரிக்குப் போகும்போதும் தவணை முடிந்திருக்காது! வண்டியின் விலையோ மளமளவென்று இறங்கும். விற்கலாம் என்றால் கடன் பாக்கிக்குக்கூடப் பணம் வராது.

விடுமுறை என்பது கவலையை மறக்கத்தானே? மாதாமாதம் கவலையைக் கொண்டுவரும் வண்டி எதற்கு?

கையில் உள்ள பணத்தை மூன்று பங்காக்க வேண்டும். இரண்டு பங்குக்கு வண்டி. ஒரு பங்கு டயருக்கும் பழுதுக்கும். அந்த இரண்டு பங்குக்கு எது கிடைக்கிறதோ அதுவே அந்தக் குடும்பத்தின் வண்டி. அது மடக்குக் கூடார வண்டியாக இருந்தால் என்ன? குழந்தைகளுக்குத் துணிச் சுவரில் மழை தட்டும் சத்தம் கேட்பதே கொண்டாட்டம்.

அதுவும் முடியவில்லையா? ஒரு சனி ஞாயிறுக்கு வாடகை வண்டி எடுத்துப் போய்ப் பார்க்கலாம். இரவில் குழந்தை அழுகிறதா, மனைவிக்குப் பிடிக்கிறதா, பின்னோக்கி ஓட்டக் கணவனுக்கு வருகிறதா என்று தெரிந்துவிடும். இல்லாவிட்டால் சாதாரணக் கூடாரம் இருக்கவே இருக்கிறது.

சிறிது போகும் இடம்

சிறிய வண்டி கௌரவக் குறைவு என்று நினைப்பவர்கள் உண்டு. 1872-ல் ஏற்பட்ட எல்லோஸ்டோன் தேசியப் பூங்கா முதல் எத்தனையோ பூங்காக்களில், காட்டுக்குள் அமைந்த அழகான தங்குமிடங்களில் நீள வண்டிகளுக்கு இடம் இல்லை. பெரிய வண்டிக்காரர் வெளியே வாடகைக்கு நிறுத்திவிட்டு நிற்கும்போது, சின்ன வண்டிக்காரர் ஓடைக்கரையில் அடுப்பு மூட்டுவார்!

குழந்தைகள் வளர்ந்தபின் எதை நினைத்துக்கொள்ளப் போகிறார்கள்? வண்டியின் நீளத்தையா? அல்ல. அப்பா நெருப்பு மூட்டியதையும், அம்மா நட்சத்திரம் காட்டியதையும், எல்லாரும் ஒரே போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு சிரித்ததையும்தான்.

அதற்குப் பளபளப்பு வேண்டாம். ஒழுகாத கூரை, ஆடாத சக்கரம், அடைந்துபோன கடன், இந்த மூன்றும் இருந்தால் போதும்.